கண்ணிமையில் தடிப்பு, காரணம் நகத்தில்

தோலில் எங்காவது அரிப்பும் தடிப்புமாக வந்துவிட்டால் சுற்றியிருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “புதுசா எதையாவது போட்டியா?” உடனே போன வாரம் வாங்கிய சோப்பைத் தூக்கிப் போடுவோம், புது க்ரீமை ஒதுக்கி வைப்போம். அரிப்பு போகாது. தொடு ஒவ்வாமையோடு, அதாவது தோலில் படும் பொருளால் வரும் ஒவ்வாமையோடு, பல வருடங்களாக வாழ்ந்துகொண்டிருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், நம்மைத் தவறான பக்கம் திருப்பிவிடுவதே அந்தக் கேள்விதான். பழகிப்போன ஷாம்பு, நாலைந்து வருடமாகப் போடும் கம்மல், என்றைக்கும் ஒன்றும் செய்யாத ஹேர் டை, இவற்றின் மேல்தான் முதல் சந்தேகம் விழ வேண்டும்.

ஏன் என்று புரிய, தோலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒவ்வாமை உண்டாக்கும் வேதிப்பொருள்களின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை. பெரும்பாலும் 500 டால்டனுக்கும் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) குறைவான எடை. அதனால் தோலின் மேலடுக்கைக் கடந்து உள்ளே போய் அங்கிருக்கும் புரதங்களோடு ஒட்டிக்கொள்கின்றன. அந்தக் கூட்டை உடலின் எதிர்ப்பு மண்டலம் அந்நியமென்று முடிவு செய்துவிட்டால், அதை நினைவில் வைத்துக்கொள்ளும் டி-செல்கள் பெருகுகின்றன. இதற்குப் பத்துப் பதினைந்து நாள் ஆகலாம். அந்தக் காலத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. இந்த முடிவை உடல் முதல் மாதத்திலும் எடுக்கலாம், பத்தாவது வருடத்திலும் எடுக்கலாம். எடுத்துவிட்டால் சாதாரணமாக ஆயுளுக்கும் மாறாது.

அதற்குப் பிறகு அந்தப் பொருள் தோலில் பட்டாலும் உடனே எதுவும் நடப்பதில்லை. ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் கழித்துத்தான் சிவந்து, தடித்து, அரிக்கத் தொடங்கும். திங்கட்கிழமை பட்டது புதன்கிழமை தெரியும். புதன்கிழமை காலையில் என்ன தொட்டோம் என்று யோசித்துக்கொண்டிருந்தால் பிடிபடுமா?

இன்னொன்றையும் இங்கேயே பிரித்துச் சொல்லிவிடுகிறேன். தோலில் ஏதோ பட்டு வரும் அழற்சியில் பெரும்பகுதி ஒவ்வாமையே கிடையாது. அது எரிச்சல். ஓயாமல் தண்ணீரிலும் சோப்பிலும் கிடக்கும் கை வறண்டு வெடிப்பது அந்த வகை. போதுமான அளவு பட்டால் யாருக்கும் வரும், பட்ட இடத்தோடு நிற்கும், அரிப்பைவிட எரிச்சல் கூடுதலாக இருக்கும். ஒவ்வாமை அப்படியில்லை. அது சிலருக்கு மட்டும் வரும், மிகச் சிறிய அளவே போதும், பட்ட இடத்தைத் தாண்டியும் பரவும். ஆனால் நடைமுறையில் இரண்டும் கைகோத்து வரும். எரிச்சலால் வெடித்த தோல் வழியாக ஒவ்வாமைப் பொருள்கள் சுலபமாக உள்ளே நுழையும். கண்ணால் பார்த்து மட்டும் இரண்டையும் பிரித்துச் சொல்வது அனுபவமுள்ள தோல் மருத்துவருக்கே கஷ்டம்.

என் அக்காவின் கதையை அவள் அனுமதியோடு எழுதுகிறேன். அவளுக்கு இரண்டு கண்ணிமைகளும் சிவந்து வீங்கி, தோல் உரிய ஆரம்பித்தது. கண்மையை நிறுத்தினாள், முகத்துக்குப் போடும் எல்லாவற்றையும் நிறுத்தினாள். குறையவில்லை. கடைசியில் மருத்துவர் அவள் கண்ணைப் பார்த்த கையோடு விரல்களைக் காட்டச் சொன்னார். ஜெல் நெயில் பாலிஷ். “விரல்ல ஒண்ணுமே இல்லையே, அப்புறம் எப்படி?” என்று அக்கா நம்பாமல் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணிமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். நாமோ நாள் முழுக்க நம்மை அறியாமல் முகத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கிறோம். விரல் நுனியின் தடித்த தோல் தாங்கிக்கொள்ளும் அளவு, இமைக்கு மிக அதிகம். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்டில் ‘ஹெமா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஹைட்ராக்ஸிஎத்தில் மெத்தாக்ரிலேட் சிவந்து எழும்பியபோதுதான் அவள் நம்பினாள்.

ஹெமா சேர்ந்த இந்த அக்ரிலேட் குடும்பத்தின் விஷயத்தில் எனக்கு உண்மையாகவே கவலை உண்டு. புற ஊதா விளக்கில் முழுமையாக இறுகிவிட்டால் ஜெல் அவ்வளவாக ஆபத்தில்லை. இறுகாமல் மிஞ்சும் பகுதிதான் தோலுக்குள் போகிறது. வீட்டில் செய்யும்போது, அந்த ஜெல்லுக்குப் பொருந்தாத விளக்கில் காட்டுவதும், நகத்தைத் தாண்டித் தோலில் வழியவிடுவதும் சகஜம். மெல்லிய கையுறைகளை இறுகாத ஜெல் சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும் என்பதால் நகக்கலை நிலையங்களில் வேலை செய்பவர்களுக்குப் பாதிப்பு இன்னும் அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் ஹெமா உள்ள நகப் பொருள்களைத் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியது. அழகுக்குப் போட்டது நகத்தோடு போய்விடுமானால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். பல் அடைக்கும் பொருளிலும், எலும்பு அறுவை சிகிச்சையில் பயன்படும் சிமென்ட்டிலும், சர்க்கரை அளவு பார்க்க உடலில் ஒட்டும் சில கருவிகளின் பசையிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் இருக்கின்றன. பதினெட்டு வயதில் நகத்துக்காக வாங்கிய ஒவ்வாமை, அறுபது வயதில் மருத்துவம் தேவைப்படும்போது குறுக்கே வந்து நிற்கலாம்.

தடிப்பு வந்த இடமே காரணத்தைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு. காது மடல், தொப்புளைச் சுற்றி, மணிக்கட்டு என்றால் முதலில் நிக்கல். உலகத்தில் மிக அதிகம் பேருக்கு இருக்கும் தொடு ஒவ்வாமை இதுதான். கம்மல், பெல்ட் கொக்கி, ஜீன்ஸ் பட்டன், கைக்கடிகாரத்தின் பின்பக்கம் என்று எங்கும் இருக்கும். வியர்வை பட்டால் உலோகத்திலிருந்து நிக்கல் கரைந்து வரும் என்பதால் வெயில் காலத்தில் அதிகமாகத் தெரியும். காது குத்தும்போது தொடங்குவதுதான் வழக்கம். டென்மார்க் 1990 வாக்கில் சட்டம் போட்டது. அதைப் பின்பற்றி ஐரோப்பிய ஒன்றியம் 1994-இல், தோலில் நீண்ட நேரம் படும் பொருள்களிலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது என்று வரம்பு வைத்தது. அதன் பிறகு அங்கே இளம் பெண்களிடம் நிக்கல் ஒவ்வாமை குறைந்தது. சட்டம் ஒரு நோயைக் குறைக்க முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை என்பேன். ஒரு பொருளில் நிக்கல் கசிகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். டைமெத்தில்கிளையாக்ஸைம் கரைசலைப் பஞ்சில் நனைத்து உலோகத்தில் தேய்த்தால், நிக்கல் வெளிவந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாகும்.

அக்குளின் நடுக்குழியில் தடிப்பு என்றால் டியோடரண்டின் வாசனைப் பொருளைச் சந்தேகிக்கலாம். குழியை விட்டுச் சுற்று ஓரங்களில் மட்டும் இருந்தால் துணியின் சாயம். பாதத்தின் மேற்புறம் என்றால் செருப்புத் தோலைப் பதப்படுத்தும் குரோமியம் அல்லது ஒட்டப் பயன்படும் பசை. கையின் பின்புறம் தொடங்கி மணிக்கட்டில் கோடு போட்டதுபோல் நின்றால் ரப்பர் கையுறை. இதில் பலர் ‘லேட்டக்ஸ் ஒவ்வாமை’ என்று நினைத்து செயற்கை ரப்பரான நைட்ரில் கையுறைக்கு மாறுவார்கள், சரியாகாது. இயற்கை ரப்பரான லேட்டக்ஸில் உள்ள புரதம் தரும் ஒவ்வாமை உடனடி வகை, நிமிடங்களில் வருவது. தாமதமாக வரும் தடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் ரப்பரை இறுக்கச் சேர்க்கும் தையுரம், கார்பமேட் போன்ற முடுக்கிகள். அவை நைட்ரிலிலும் இருக்கலாம்.

நெற்றி ஓரம், காது, கழுத்துப் பின்புறம் சிவந்து வீங்கி, தலைத்தோல் மட்டும் அமைதியாக இருந்தால், தலைக்குப் போட்டதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தலைத்தோல் தடிமனானது, தாங்கும். வழிந்த இடம் தாங்காது. ஹேர் டையில் உள்ள பாராஃபினைலீன்டயமின், சுருக்கமாகப் பிபிடி, மிக வலுவான ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்று. தலைமுடியில் போடத்தான் அதற்கு அனுமதி. தற்காலிக டாட்டூவைக் கருகருவென்று காட்டுவதற்காக அதை நேரடியாகத் தோலில் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். விளையாட்டாக அதைப் போட்டுக்கொண்ட குழந்தை, பெரியவளாகி முதல்முறை ஹேர் டை போடும்போது முகம் முழுக்க வீங்கி மருத்துவமனையில் கிடக்கிறாள். இதைக் குழந்தை வளர்க்கும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மரத்துப்போகச் செய்யும் பென்சோகைன், சில துணிச் சாயங்கள், சல்ஃபா மருந்துகள் என்று பிபிடியோடு உறவுள்ள பொருள்களுக்கும் சிலருக்கு ஒவ்வாமை வரலாம். ஹேர் டை போட்டு முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எனக்கு இருப்பது மெத்தில்ஐசோதயசோலினோன். எம்ஐ என்பார்கள். தண்ணீர் கலந்த எந்தப் பொருளும் கெட்டுப்போகாமல் இருக்கப் பதனப்பொருள் தேவை. அதில் தவறில்லை. பதனப்பொருளே இல்லாத க்ரீமில் வளரும் கிருமி இன்னும் ஆபத்து. எம்ஐ 1980-களில் குளோரின் சேர்ந்த இன்னொரு ஐசோதயசோலினோனோடு கலந்துதான் அழகுசாதனங்களுக்குள் வந்தது. அந்தக் கலவையில் குளோரின் சேர்ந்தது மூன்று பங்கு, எம்ஐ ஒரு பங்கு. மொத்தமாகப் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் சேர்க்கக்கூடாது என்றால், அதில் எம்ஐ-யின் அளவு 4 பங்குக்கும் குறைவு. ஒவ்வாமை தருவது பெரும்பாலும் குளோரின் உள்ள கூட்டாளிதான் என்று கருதி, எம்ஐ-யைத் தனியாகப் பயன்படுத்த 2005-இல் ஐரோப்பாவில் அனுமதித்தார்கள். தனியாக இருக்கும்போது அது கிருமியைக் கொல்லும் வேகம் குறைவு என்பதால் அளவைக் கூட்டினார்கள், பத்து லட்சத்தில் 100 பங்கு வரை. அதாவது பழைய கலவையில் இருந்ததைப்போல இருபத்தைந்து மடங்குக்கும் மேல்.

பிறகு நடந்ததைத் தோல் மருத்துவர்கள் கொள்ளைநோய் என்றே எழுதினார்கள். ஈரத் துடைப்பான், ஷாம்பு, சன்ஸ்கிரீன், கை கழுவும் திரவம், பாத்திரம் கழுவும் திரவம் எல்லாவற்றிலும் அது வந்துவிட்டது. ஈரத் துடைப்பானால் துடைக்கப்பட்ட குழந்தைகளுக்கு வாயைச் சுற்றியும் பின்புறத்திலும் ஆறாத தடிப்பு. அமெரிக்கத் தொடு தோலழற்சிக் கழகம் ஒவ்வொரு வருடமும் ஒரு பொருளை ‘ஆண்டின் ஒவ்வாமைப்பொருள்’ என்று அறிவிக்கும். 2013-இல் அது எம்ஐ. கழுவாமல் தோலில் விடும் பொருள்களில் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடைசெய்ய 2017 ஆனது. கழுவிவிடும் பொருள்களில் 15 பங்காகக் குறைக்க 2018. அனுமதிக்கும் தடைக்கும் நடுவே போன வருடங்களில் ஒவ்வாமை வந்தவர்களுக்கு அது இனிப் போகாது. நானும் அவர்களில் ஒருத்தி. எனக்கு இதில் கோபம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு பொருளைப் பலகோடிப் பேரின் தோலில் தடவும் முன்னால் கேட்க வேண்டிய கேள்விகளை, அவர்கள் தோல் சிவந்த பிறகு கேட்டார்கள். நீர் கலந்த சுவர்ப் பூச்சுகளில் அது இன்றும் பரவலாக இருக்கிறது. புதிதாக வெள்ளையடித்த அறைக்குள் நான் போனால், எதையும் தொடாமலே முகம் சிவக்கும். காற்றில் வருகிறது.

பதனப்பொருள்களில் இன்னொரு கூட்டம், பெயரில் முகத்தைக் காட்டாதவை. ஃபார்மால்டிஹைடு என்ற சொல் லேபிளில் இருக்காது. ஆனால் குவாட்டர்னியம்-15, டிஎம்டிஎம் ஹைடான்டோயின், இமிடசோலிடினைல் யூரியா, டயசோலிடினைல் யூரியா, புரோனோபால் என்று இருக்கும். இவை எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக ஃபார்மால்டிஹைடை வெளியிட்டுத்தான் கிருமியைக் கொல்கின்றன. ஃபார்மால்டிஹைடு ஒவ்வாமை உள்ளவர் இந்தப் பெயர்களை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். சுருக்கம் விழாத துணிகளின் பூச்சிலும் அது இருக்கலாம். மாறாக, எல்லோரும் பயப்படும் பாராபென்களுக்கு ஒவ்வாமை மிக அரிது. 2019-இல் அதே அமெரிக்கக் கழகம் பாராபெனை ‘ஆண்டின் ஒவ்வாமையற்ற பொருள்’ என்று அறிவித்தது. பாராபென் மீதான பயத்தால் நிறுவனங்கள் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தவற்றில் எம்ஐ-யும் உண்டு. ‘பாராபென் இல்லாதது’ என்ற அறிவிப்பை டப்பாவில் பார்க்கும்போதெல்லாம் அப்படியானால் உள்ளே என்ன இருக்கிறது என்று திருப்பிப் பார்ப்பது என் வழக்கம்.

வாசனையைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. லேபிளில் ‘பர்ஃப்யூம்’ அல்லது ‘ஃப்ராக்ரன்ஸ்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் பல பத்து வேதிப்பொருள்கள் ஒளிந்திருக்க முடியும். ஐரோப்பாவில் 2005 முதல் 26 வாசனைப் பொருள்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் பெயர் சொல்லிப் போட வேண்டும். 2023-இல் வந்த விதி அந்தப் பட்டியலை எண்பதுக்கும் மேலாக விரித்திருக்கிறது. அந்தப் பட்டியலில் அடிக்கடி கண்ணில் படுபவை லினலூல், லிமோனீன். இவை புதிதாக இருக்கும்போது அவ்வளவு கெடுதல் இல்லை. திறந்த புட்டியில் காற்றுப் பட்டு ஆக்சிஜனோடு சேர்ந்து உருவாகும் ஹைட்ரோபெராக்ஸைடுகள்தான் தோலைச் சீண்டுகின்றன. அதனால் அலமாரியில் பல மாதம் திறந்து கிடக்கும் பழைய புட்டி, நேற்று வாங்கியதைவிட மோசம். ‘அன்சென்டட்’ என்று போட்டிருந்தால் வாசனைப் பொருள் இல்லை என்று அர்த்தமில்லை. மூலப்பொருளின் மணத்தை மறைக்க இன்னொரு வாசனையைச் சேர்த்திருக்கலாம். ‘ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்பதைத்தான் தேட வேண்டும், அதையும் பின்பக்கம் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

இயற்கை என்ற சொல்லும் அப்படித்தான். டீ ட்ரீ எண்ணெய், லேவண்டர் எண்ணெய், தேனீக்களின் புரோபோலிஸ், ஆட்டு உரோமத்தில் எடுக்கும் லானோலின் எல்லாமே நன்றாகத் தெரிந்த ஒவ்வாமைப் பொருள்கள். ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் சட்டப்படி ஒரு வரையறையும் கிடையாது. 1975-இல் அங்கே மருந்து, உணவு, அழகுசாதனங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏ, சோதனை செய்து நிரூபித்தால்தான் அந்தச் சொல்லைப் போடலாம் என்று விதி கொண்டுவந்தது. இரண்டு அழகுசாதன நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1977-இல் நீதிமன்றம் விதியைத் தள்ளுபடி செய்தது. முன்பக்கத்தில் எழுதியிருப்பதை நான் படிப்பதே இல்லை. பின்பக்கப் பட்டியலில் ஒரு சதவீதத்துக்கு மேல் இருப்பவை அளவு இறங்கு வரிசையில் வரும். அதற்குக் கீழ் இருப்பவை எப்படி வேண்டுமானாலும் வரும். பதனப்பொருள்களும் வாசனைகளும் பெரும்பாலும் அந்த வாலில்தான். முதல் ஐந்து பெயரைப் படித்துவிட்டு வைத்துவிட்டால் தேட வேண்டியதைத் தேடவே இல்லை என்று பொருள்.

அழகுசாதனத்துக்கு வெளியேயும் கண் வைக்க வேண்டும். 2000-களின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் பலருக்கு முதுகிலும் தொடையின் பின்புறத்திலும் கடுமையான தடிப்பு வந்தது. காரணம் சோஃபா. கப்பலில் வரும்போது பூஞ்சை பிடிக்காமல் இருக்க உள்ளே வைத்த சிறு பொட்டலங்களில் இருந்த டைமெத்தில் ஃப்யூமரேட், உடல் சூட்டில் ஆவியாகித் துணியையும் தோலையும் ஊடுருவியிருந்தது. 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடைசெய்தது. உட்காரும் இருக்கை தோலில் படும் பொருள் என்று யார் யோசிப்பார்கள்? மருந்தும் அப்படியே. புண்ணுக்குப் போடும் நியோமைசின், அரிப்புக்குப் போடும் ஸ்டீராய்டு களிம்பு, இவற்றுக்கே ஒவ்வாமை வருவதுண்டு. போடப் போட ஆறாமல் இருக்கிறது என்றால் மருந்தையும் சந்தேகப்பட்டியலில் சேருங்கள். கணவனோ மனைவியோ போடும் சென்ட்டும்கூடத் தொட்ட இடத்தில் தடிப்பைத் தரும்.

இவ்வளவு சொன்ன பிறகும், யூகத்தால் கண்டுபிடிப்பதற்கு ஒரு எல்லை உண்டு. உறுதிப்படுத்த இன்றும் வழி, யோசஃப் யாடஸோன் 1895-இல் கிராட்ஸ் நகரில் முன்வைத்த பேட்ச் டெஸ்ட்தான். முதுகில் சின்னச் சின்ன அறைகளில் முப்பது பொருள், சில இடங்களில் எண்பது வரை ஒட்டிவிடுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், பிறகு மூன்றாம் அல்லது நான்காம் நாள் மறுபடி பார்ப்பார்கள். நியோமைசின், ஸ்டீராய்டு போன்றவை ஒரு வாரம் கழித்தும் எழும்பும். இரண்டாவது முறை பார்க்காமல் அனுப்பிவிடும் இடத்தில் சோதனை செய்வதில் பயனில்லை. கையில் ஊசியால் குத்திப் பதினைந்து நிமிடத்தில் பார்க்கும் சோதனையும் இரத்தப் பரிசோதனையும் வேறு வகை ஒவ்வாமைக்கானவை. தொடு ஒவ்வாமையை அவை காட்டாது. அவற்றில் ஒன்றுமில்லை என்று வந்ததால் ‘அலர்ஜி இல்லை’ என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட எத்தனையோ பேரோடு நான் பேசியிருக்கிறேன். போகும்போது நீங்கள் பயன்படுத்தும் எல்லாப் பொருள்களின் லேபிளையும் படம் எடுத்துப் போங்கள். சோதனையில் ஒரு பொருள் எழும்பியது என்பதற்காக இப்போதைய தடிப்புக்கு அதுவே காரணம் ஆகிவிடாது. அது உங்கள் வாழ்க்கையில் எங்கே படுகிறது என்று பொருத்திப் பார்த்தால்தான் விடை.

சோதனைக்கு வாய்ப்பில்லாதவர்கள், கழுவாமல் தோலில் விடும் க்ரீம், லோஷனை முழங்கை மடிப்பில் ஒரே இடத்தில் தினம் இரண்டு வேளை, ஒன்று முதல் இரண்டு வாரம் தடவிப் பார்க்கலாம். ஷாம்பு, சோப்பு, ஹேர் டை, ஜெல், துப்புரவுத் திரவங்களை இப்படிச் சோதிக்கவே கூடாது. அவை ஒவ்வாமை இல்லாதவர் தோலையும் புண்ணாக்கும், ஹேர் டை புதிதாக ஒவ்வாமையையே உண்டாக்கலாம். ஒன்றும் வரவில்லை என்றாலும் முழு உறுதி கிடையாது. முழங்கை தாங்குவதை இமை தாங்காமல் போகலாம்.

காரணம் தெரிந்து அதை விட்டுவிட்டாலும் தோல் ஆறச் சில வாரங்கள் ஆகும். பொறுமை இழந்து ‘இதுவும் இல்லை போல’ என்று விட்டுவிடாதீர்கள். பொருளின் எல்லா மறுபெயர்களையும் எழுதிக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். என் அக்கா பல் மருத்துவரிடம் உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் காட்டுகிறாள். நான் வழக்கமாக வாங்கும் ஷாம்புவையும் ஒவ்வொரு முறையும் பின்பக்கம் திருப்பிப் படித்துவிட்டுத்தான் எடுக்கிறேன். பெயரும் நிறமும் அப்படியே இருக்க, உள்ளே பதனப்பொருளை மட்டும் மாற்றிவிடுவது அடிக்கடி நடக்கிறது.